குலுங்காத வண்டி

ஜூன் 9, திங்கள்

மெக்கானிக் ராயப்பன் எழுதி வைக்கச் சொன்னான். அதற்காகத்தான் இது. டாக்டர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய கம்பெனி டைரி ஒன்று பைக்குள் கிடந்தது. அரை வருஷம் வெற்றுத் தாளாகவே போய்விட்டது, மீதிக்கு ஒரு உபயோகம் வந்திருக்கிறது.

நேற்று வண்டிக்குப் புது ஷாக் அப்சார்பர் மாட்டினோம். சீட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் நின்று குலுக்கலை வாங்கிக்கொள்வது அதுதான். பழையது எண்ணெய் கசிந்து, ஸ்பிரிங் தளர்ந்து, குழியில் இறங்கும்போதெல்லாம் 'டங்' என்று என் நடுமுதுகில் முட்டிக்கொண்டிருந்தது. நான் மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பாளையங்கோட்டையில் வீடு. தென்காசி, அம்பை, வள்ளியூர், சங்கரன்கோவில் என்று ஞாயிறு தவிர எல்லா நாளும் வண்டியில்தான். சித்திரையிலிருந்து இடுப்பில் வலி. அங்கிருந்து இடது காலுக்குக் கரண்ட் மாதிரி இறங்குகிறது. காரணம் ஷாக்தான். வேறு எதுவும் இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் உள்ளதுதான்.

வண்டிக் கம்பெனியின் அசல் வேண்டாம் என்று வெளிக் கம்பெனி தயாரிப்பை வரவழைத்தேன். உள்ளே எண்ணெயோடு வாயுவும் அடைத்தது. ராயப்பனின் பட்டறை சமாதானபுரத்தில். சென்டர் ஸ்டாண்டு போட்டு, சீட்டைக் கழற்றி, பின்சக்கரம் தொங்கிவிடாமல் அடியில் பலகை கொடுத்தான். கீழ் போல்ட் சொன்ன பேச்சுக் கேட்டது. மேல் போல்ட் பல வருஷச் சேற்றோடு இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, திருகி, கடைசியில் இருவரும் சேர்ந்து இழுத்தோம். பழையதையும் புதியதையும் சேர்த்துப் பிடித்து ஓட்டைக்கு ஓட்டை அளவு பார்த்தான். சரியாக இருந்தது. மாட்டினான்.

கீழே உருண்ட வாஷரை எடுக்கக் குனிந்த என்னால் எழ முடியவில்லை.

"என்ன அண்ணாச்சி, அப்படியே இருக்கீங்க?"

"கால் மரத்துப்போச்சு. ரொம்ப நேரம் குத்தவச்சுட்டேன்லா."

கை கொடுத்துத் தூக்கிவிட்டான். பிறகு ஷாக்கின் அடியில் உள்ள பல் வளையத்தைக் காட்டினான்.

"இதுல அஞ்சு படி இருக்கு அண்ணாச்சி. இப்ப ரெண்டுல வச்சிருக்கேன். ஏத்த ஏத்த ஸ்பிரிங் இறுகும். அஞ்சுல வச்சா பாறை மேல உக்காந்து போற மாதிரிதான். உங்க எடைக்கும் நீங்க போற ரோட்டுக்கும் எது தோதுன்னு ஓட்டிப் பாத்துதான் சொல்ல முடியும். எழுதி வையுங்க. வாயில கேட்டா எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான் சொல்லுவாவ."

வளையத்தைத் திருப்பும் கொக்கி ஸ்பேனரையும் கொடுத்தனுப்பினான்.

இன்று: இரண்டாம் படி. அம்பை போய்த் திரும்பினேன். நன்றாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

இரண்டாம் படி. வள்ளியூர். வண்டி இடது பக்கம் அமுங்குகிறது. ஒரு பிருஷ்டம் பள்ளத்திலும் ஒன்று மேட்டிலும் இருப்பது போல. திரும்பும்போது ராயப்பனிடம் காட்டினேன். பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். நூல் பிடித்தும் பார்த்தான்.

"நேராத்தான் இருக்கு அண்ணாச்சி."

"உக்காந்தா சாயுது."

"ஒத்த ஷாக் வண்டி. நடுவுல இருக்கு. அது எப்படி ஒரு பக்கம் மட்டும் சாயும்?"

எப்படியென்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் சாய்கிறது. வீட்டில் வந்து மூன்றாம் படிக்கு ஏற்றினேன். நாளை பார்க்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

மூன்றாம் படி. தென்காசி. சாரல் தொடங்கிவிட்டது. கையிலிருந்த சாம்பிள் மாத்திரையில் காலை ஒன்று, மதியம் ஒன்று. நான் டாக்டர்களிடம் புகழ்ந்து சொல்கிற மாத்திரைதான். வலி குறைந்திருக்கிறது. உண்மையில் மிகவும் குறைந்திருக்கிறது. மாத்திரையா ஷாக்கா தெரியவில்லை.

அப்பாவுக்கும் முதலில் வலி இப்படித்தான் குறைந்து

இல்லை. அவருக்கு வேறு.

ஜூன் 20, வெள்ளி

இன்று தென்காசியில் டாக்டர் ஹெப்சிபாவைப் பார்க்கும் முறை. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகெலும்பு சர்ஜன் அவர். வெள்ளிக்கிழமை மட்டும் தென்காசி வருவார். நோயாளிகளெல்லாம் போன பிறகு என்னை அழைத்தார். பேசி முடித்து, புது மாத்திரை அட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கதவு வரை நடந்தேன்.

"ஒரு நிமிஷம் கோமதிநாயகம். உங்க இடது ஷூ தரையில அடிக்குதே."

"புது ஷூ மேடம். கொஞ்சம் பெருசு."

அது போன தீபாவளிக்கு வாங்கியது. முனை தேய்ந்து நூல் வெளியே வந்திருக்கிறது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குதிகால்ல மட்டும் நில்லுங்க பாப்போம். முன்பாதத்தைத் தூக்கிட்டு."

அந்த நேரத்தில் அவருக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. அவர் எதிர்ப்பக்கம் திரும்பிப் பேசும்போது வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சாரலில் சட்டை நனைந்தும் வியர்த்தது.

அடுத்த வெள்ளிக்கு சங்கரன்கோவில் வைத்துக்கொள்ளலாம். அங்கே பார்க்காத டாக்டர்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

ஷாக் மாற்றியதில் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். கியர் லீவர் எட்டவில்லை. மேல் கியருக்கு லீவரின் அடியில் முன்பாதத்தைக் கொடுத்துத் தூக்க வேண்டுமல்லவா, அது வழுக்குகிறது. நேற்று ஆலங்குளம் தாண்டி இரண்டாம் கியரிலேயே வெகுதூரம் வந்தேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான்.

ராயப்பனிடம் சொல்லி, குதிகாலால் மிதிக்கிற மாதிரி பின்பக்கமும் நீளும் லீவர் போட்டுக்கொண்டேன்.

"இது வயசான ஆளுங்க கேக்குறதுலா அண்ணாச்சி. உங்களுக்கு எதுக்கு?"

"ஷூ முனை தேயுது, அதான்."

அவன் என் முகத்துக்கு மிக அருகில் வந்து, மூச்சு படுகிற தூரத்தில் நின்று, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டான். எதற்கு அவ்வளவு பக்கத்தில் என்று தெரியவில்லை.

செண்பகவல்லியும் இப்போது அப்படித்தான் செய்கிறாள். நான் வந்ததும் வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொள்கிறாள், முகத்தோடு முகம் வைத்துப் பேசுகிறாள். கல்யாணமான புதிதில்கூட என் மனைவி இப்படி இருந்ததில்லை. மகள் பூரணி ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவளுக்கு வீடு வெறிச்சென்று இருக்கும்போல.

நான்காம் படி வைத்திருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

சாயங்காலம் பால் வாங்க வண்டியில் போனேன். செருப்பு போட்டுக்கொண்டுதான் போனேன். இறங்கிக் கடைக்குள் போனதும் கடைக்காரர் கேட்டார், "என்ன சார், ஒத்தச் செருப்போட வாறீங்க?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. வந்த வழியே தேடிக்கொண்டு போனேன். எங்கள் தெருமுனையிலேயே கிடந்தது. அங்கிருந்து கடை வரை வெறுங்காலோடு வந்திருக்கிறேன். கடை வாசலில் சரளைக் கல் கொட்டியிருந்தார்கள். அதன்மேல் நடந்திருக்கிறேன்.

பாலை மறந்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஐந்தாம் படி. சாய்வது போல இருந்தது நின்றுவிட்டது. இதை நம்பித்தான் எழுதுகிறேன்: வண்டி இப்போது பஞ்சு மாதிரி போகிறது. நேற்று பாபநாசம் ரோட்டில் வெட்டிப் போட்ட இடம் முழுவதும் வந்தேன், ஒன்றும் தெரியவில்லை. சீட்டில் உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை. கேஸ் ஷாக் என்றால் சும்மாவா.

ராயப்பன் ஐந்தாம் படி கல்லாக இருக்கும் என்றான். எல்லா உடம்பும் ஒன்றா.

ஜூலை 2, புதன்

பாத்ரூமில் நேரம் ஆகிறது. தண்ணீர் குறைவாகக் குடிக்கிறேன், அதுதான். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நின்றால் கொஞ்சம் வருகிறது. வயிற்றைக் கையால் அழுத்த வேண்டியிருக்கிறது.

"என்னங்க, உள்ள என்ன செய்யுதிய அவ்வளவு நேரம்? டேங்க் காலியாயிரும்."

"முகம் கழுவுதேன்."

"இவ்வளவு நேரமா?"

குழாயை மூடினேன். வெளியே வந்தபோது அவள் கதவுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். என் சட்டையை முகர்ந்து பார்த்தது போல இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

சீசன் நன்றாக இருக்கிறது, குற்றாலம் போகலாம் என்று செண்பகம் சொன்னாள். அங்கன்வாடியில் அவளுக்கு ஆறு நாளும் குழந்தைகளோடு கத்திக் கத்தித் தொண்டை போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமையாவது எங்காவது போக வேண்டுமென்றாள். வண்டியிலேயே கிளம்பினோம். அவள் பின்னால் உட்கார்ந்து வெகுநாள் ஆகிறது.

ஆலங்குளத்துக்கு முன்னால் பாலம் வேலை நடக்கிற இடத்தில் "அய்யோ அம்மா" என்று கத்தினாள். பிரேக் போட்டேன்.

"என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? நாக்கக் கடிச்சுட்டேன். இடுப்பே ஒடிஞ்சிட்டு. அவ்வளவு பெரிய குழியில விடுதிய."

"எந்தக் குழி?"

அவள் பின்னால் கையைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தேன். ரோட்டின் குறுக்கே, குழாய் பதித்து மூடாமல் விட்ட பள்ளம். ஒரு ஆள் படுக்கலாம். அதன்மேல்தான் வந்திருக்கிறோம். எனக்கு எதுவும் தெரியவில்லை.

"ஷாக் நல்லாருக்கு, அதான் எனக்குத் தெரியல" என்றேன்.

"நானும் அதே வண்டிலதான் உக்காந்திருக்கேன்."

அருவியில் ஆண்கள் பக்கம் நின்றேன். தலையிலும் தோளிலும் ஊசியாகக் குத்தியது. இடுப்புக்குக் கீழே யாரோ வேறு ஒருவர் மேல் விழுவது போல இருந்தது. குளிர்ந்த தண்ணீர்தானா என்று கையை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கைக்குச் சில்லென்றது. தொடைக்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார். இடது கால் மடங்கியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன்.

திரும்பும்போது செண்பகம் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு இந்த ஷாக் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 7, திங்கள்

நேற்று சாயங்காலத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. குழாயைத் திறந்தும் போகவில்லை.

காலையில் வேலைக்கு என்று கிளம்பி ராயப்பனிடம் போனேன். வீட்டுக்காரிக்குக் குலுக்குகிறதாம், கொஞ்சம் தளர்த்து என்றேன். முதலில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று முருகன்குறிச்சி வரை போய் வந்தான். வந்தவன் இறங்கவில்லை. வண்டி மேலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது அஞ்சாம் படில இருக்கு."

"ஆமா."

"எத்தன நாளா?"

"ஒரு வாரத்துக்கு மேல இருக்கும். பஞ்சு மாதிரி இருக்குன்னு எழுதிக்கூட வச்சிருக்கேன்."

"பஞ்சா? போயிட்டு வாறதுக்குள்ள எனக்கு முதுகெலும்ப ஒண்ணொண்ணா எண்ணிரலாம் போல இருக்கு. சின்னக் கல்லுகூட வந்து அடிக்குது." இறங்கி வந்து மறுபடியும் என் முகத்தருகே நின்றான். "கேக்குறேன்னு கோவிச்சுக்கிடாதீங்க. குடிக்கிறீங்களா?"

"நான் குடிக்கிறவனா ராயப்பா?"

"இல்லன்னுதான் தெரியுது. வாசம் இல்ல. நடை மட்டும் இருக்கு." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வண்டில ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. முதல்லயே இல்ல. நீங்க சொல்லச் சொல்ல நான் மாத்திக்கிட்டே இருந்திருக்கேன்."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தேன். செண்பகம் அங்கன்வாடியிலிருந்து வர இன்னும் நேரம் இருக்கிறது. உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நிற்க முடியவில்லை, வயிறு கல் மாதிரி இருக்கிறது.

எனக்குத் தெரியும். அதை எழுதிவிடுகிறேன். போன தை மாதம் எங்கள் கம்பெனி ஓட்டலில் நடத்திய டாக்டர்கள் கூட்டத்தில் பேசியது ஹெப்சிபா மேடம்தான். புரொஜெக்டர் போட்டது நான். முதுகு வலியோடு வருகிறவருக்குக் கால் தூக்க முடியாமல் போனால், உட்காரும் இடத்தில் உணர்ச்சி போனால், சிறுநீர் நின்றால், மறுநாள் வரச் சொல்லாதீர்கள், அன்றைக்கே அனுப்புங்கள், நேரம் போனால் கால் போய்விடும் என்று சொன்னார். கடைசி வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிரியாணி வந்துவிட்டதா என்று நடுவில் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

செருப்பு விழுந்த அன்றைக்கே தெரியும். ஷூ அடிக்கிறது என்று அவர் சொன்னபோதே தெரியும். ஷாக் அப்சார்பர் வாங்கும்போதுகூடத் தெரிந்திருக்குமோ.

பயமாக இருக்கிறது. கேட் சத்தம் கேட்கிறது. அவள்தான். எப்படிச் சொல்வது.

ஜூலை 11, வெள்ளி

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து மேலும் கீழும் போகிறது. நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் கனவு என்று நினைத்துக்கொள்வேன்.

திங்கட்கிழமை செண்பகம் உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"எனக்குக் கீழ உணர்ச்சி இல்ல. ஒன்னுக்குப் போகல. நேத்துல இருந்து."

கத்துவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரி பேரச் சொல்லுங்க" என்றாள்.

ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "குடிக்கிறியளோன்னு நெனச்சேன். தள்ளாடி நடக்கிறிய, பாத்ரூம்ல தண்ணியத் தொறந்துவிட்டு வாய் கொப்பளிக்கிறிய போலன்னு. தெனமும் வாசல்ல மோந்து பாத்தேன். ஒண்ணும் வாசம் இல்ல. அப்புறம் ரொம்பப் பயந்துட்டேன். குடியாவே இருந்துரணும்னு கோமதி அம்மனக் கும்புட்டேன். எந்தப் பொம்பளையாவது அப்படிக் கும்புடுவாளா."

"கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா என்ன சொல்லுவியளோன்னுதான் கேக்கல."

இருவருமே ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

ஹெப்சிபா மேடம் என்னைக் குப்புறப் படுக்கவைத்து ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

"தெரியுதா?"

"தெரியல."

"இங்க?"

"தெரியல மேடம்."

"இங்க?"

கடைசியாகக் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன். அவர் முன்பக்கம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்கதானே புரொஜெக்டர் போட்டது?"

"ஆமா மேடம்."

அவர் எழுந்து நர்ஸைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலில் டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். பிறகு ஸ்கேன். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு பிதுங்கி, காலுக்கும் சிறுநீருக்கும் போகிற நரம்புக் கொத்தையே நசுக்கிக்கொண்டிருக்கிறது என்றார். இன்றைக்கே ஆபரேஷன்.

"வேண்டாம் மேடம்" என்றேன். செண்பகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கப்பா ஆபரேஷனுக்கு நடந்து போனாரு. வேன்ல படுக்கப் போட்டுத்தான் கொண்டுவந்தாங்க. சாகுற வரைக்கும் முன்ரூம் கட்டில்லதான் கிடந்தாரு. பக்கத்துல மூத்திரப் பை தொங்கும். ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னால நான்தான் அந்தப் பையை மாத்துவேன்."

இதைச் செண்பகத்திடம்கூட நான் சொன்னதில்லை. அவளைப் பெண் பார்க்கப் போவதற்கு முன்பே அப்பா போய்விட்டார்.

"வலி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாரா?"

"இல்ல. ரொம்ப நாள் எண்ணெய் போட்டுத் தடவுனோம். நடக்கத் தடுமாறுன பிறகும் தடவிக்கிட்டுத்தான் இருந்தோம்."

"அவரோட ஸ்கேனைப் பாக்காம நான் சொல்லக்கூடாது" என்றார். "ஆனா கத்தி பட்டதால அவர் படுத்தாரா, கத்தி லேட்டா பட்டதால படுத்தாரான்னு நீங்க ஒரு தடவை யோசிக்கணும். ரொம்ப நேரம் யோசிக்க முடியாது. ஒரு நாள் ஏற்கெனவே போயிருச்சு. முழுசா சரியாகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

செண்பகம் பேனாவை வாங்கி என் கையில் வைத்தாள். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து மாதிரியே இல்லை.

தள்ளிக்கொண்டு போகும்போது மேற்கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அப்பாவும் இதைத்தான் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். பற்கள் அடித்துக்கொண்டன. குளிர் என்று நர்ஸிடம் பொய் சொன்னேன். அந்தப் பெண் நம்பி இன்னொரு போர்வை கொண்டுவந்தாள்.

ஜூலை 12, சனி

கண் விழித்ததிலிருந்து கீழே பார்க்கப் பயம். வலது கால் விரல் அசைகிறது. இடது முன்பாதம் நான் சொல்வதைக் கேட்கவில்லை. கேட்கலாம், கேட்காமலும் போகலாம், மாதக் கணக்கில் ஆகும் என்கிறார் டாக்டர். ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் காலில் கட்டி நிற்கவைத்தார்கள். செண்பகமும் ஆஸ்பத்திரிப் பையனும் இரண்டு பக்கமும். நின்றேன்.

ராயப்பன் வந்தான். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தான். கொஞ்ச நேரம் கட்டிலின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அந்தக் கியர் லீவர நான் மாட்டாமயே இருந்திருக்கணும் அண்ணாச்சி."

"நான்தானப்பா கேட்டேன்."

"கேட்டா மாட்டிரதா" என்றான். சாத்துக்குடிப் பையைக் கட்டிலடியில் வைத்தான். போகும்போது வண்டி பட்டறையிலேயே இருக்கட்டும் என்று சொன்னான். இருக்கட்டும் என்றேன்.

ஜூலை 14, திங்கள்

காலையில் டியூபை எடுத்தார்கள். தானாகப் போகிறதா என்று பார்ப்பார்களாம். தண்ணீர் குடித்தேன். மோர் குடித்தேன். மதியம் வரை பாத்ரூமில் நின்றேன். வரவில்லை. வயிறு உப்பியது. மறுபடியும் டியூபைப் போட்டுவிட்டார்கள்.

கட்டிலின் பக்கவாட்டில் பை தொங்குகிறது. செண்பகம் அதைக் காலி செய்துவிட்டு வந்து கை கழுவினாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பூரணி போன் பண்ணினாளாம். தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஜூலை 15, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. பயம்தான்.

ஜூலை 16, புதன்

இன்று மறுபடியும் டியூபை எடுத்தார்கள். இதிலும் வராவிட்டால் டியூபோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நர்ஸ் செண்பகத்திடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது.

எங்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் திசையன்விளைக்காரர், பனையிலிருந்து விழுந்தவர். அவருடைய மனைவிக்கும் செண்பகத்துக்கும் இந்தச் சில நாளில் நல்ல பழக்கமாகிவிட்டது. அந்த அம்மா எனக்கும் சேர்த்து இளநீர் வாங்கிவரச் சொல்லிக் குடிக்கவைத்தார்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். செண்பகம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். அழுத்தக்கூடாது, அவசரப்படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நெடுநேரம் ஒன்றும் இல்லை. எதிர்ச் சுவரில் ஒரு பல்லி அசையாமல் இருந்தது. எங்கள் முன்ரூம் ஞாபகம் வந்தது. பூரணி பையை மாற்றுவதாக நினைத்துப் பார்த்தேன். கால் நடுங்க ஆரம்பித்தது. இனிமேல் நிற்க முடியாது, கூப்பிட்டுவிடலாம் என்று வாயைத் திறக்கும்போது ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நூல் மாதிரி. நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிற்கவில்லை.

"செண்பகம்."

"என்னங்க? விழுந்துட்டியளா?"

"போகுது."

வெளியே அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறாள். ஒன்னுக்குப் போனாரா என்று காலையிலிருந்து அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வராண்டாவில் நின்று, அழுகையில் வார்த்தை உடைய, வார்டு முழுவதும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அண்ணே, போயிட்டாவண்ணே. ஆமா, இப்பதான். அவிய போயிட்டாவ."

எந்த வார்த்தையை விட்டுவிட்டாள் என்று எனக்கு உள்ளே புரிவதற்குள் திசையன்விளை அம்மா குரலெடுத்துவிட்டார்.

"எம்மா, உனக்கா இந்தக் கெதி வரணும். இப்பத்தான இளநி குடிச்சாரு அந்த மனுசன். எய்யா, ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டியே."

இன்னும் இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரோ ஒருவர் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஒரே பொட்டப்பிள்ளை என்று இன்னொருவர் சொன்னார். அதற்கும் சேர்த்து அழுதார்கள். செண்பகம் "இல்லக்கா, இல்லக்கா" என்று சொல்லப் பார்த்தாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்போல, குரல் அமுங்கிவிட்டது. போனில் அவள் அண்ணன் "ஏட்டி செண்பகம், ஏட்டி" என்று கத்துவது கதவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாக்கரைத் திருப்பினேன். இடது காலை இழுத்து வைக்க நேரம் ஆனது. எனக்காக அழுகிறார்கள், போன வாரம் வரை என்னை யாரென்றே தெரியாதவர்கள். கேட்டுக்கொண்டே ஒரு கையால் தாழ்ப்பாளைத் தேடினேன். கதவைத் திறந்தபோது திசையன்விளை அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்ள ஓங்கிய கை அப்படியே நின்றது. வராண்டா முழுவதும் என்னைப் பார்த்தது.

"இருக்கேன்" என்றேன்.